பாறையைப் பார்க்கக் காரெடுங்கள்

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு தடம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் சாயக்கலவை ஊற்றித் தரைக்கல் வார்ப்பதை வீடியோ எடுப்பது, கானாடுகாத்தானில் பர்மா தேக்குத் தூணோடு சாய்ந்து நிற்பது, காரைக்குடியில் கோழிக்குழம்பு, ராத்திரி ரயில். இவ்வளவுதான் செட்டிநாடு என்று நம்பிப் போகிறவர்கள், அடுத்த மாதமே ஆந்திராவிலுள்ள கண்டிகோட்டாவுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுவார்கள். அங்கே பெண்ணாறு எர்ரமலையை அறுத்து ஓடுகிறது. அழகான இடம், நான் மறுக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் அதை ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று சொன்ன பிறகுதான் நம்மவர்கள் வண்டிக்கு டீசல் போட்டார்கள் என்பதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. ஆத்தங்குடியிலிருந்து வடக்கே வண்டியைத் திருப்பினால் ஒரு பகலுக்குள் பார்க்கக் கிடைக்கிற பாறைக் காட்சிக்கு அமெரிக்கப் பெயர் எதுவும் இல்லை. அதனால் கூட்டமும் இல்லை.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தை, மாசி நல்ல மாதங்கள். சித்திரையில் பாறையில் கால் வைக்க முடியாது. விடியுமுன் கிளம்புங்கள். ஆத்தங்குடி, திருமயம், புதுக்கோட்டை, சித்தன்னவாசல், கடைசியாக நார்த்தாமலை. மதியச் சாப்பாடு புதுக்கோட்டையில். குடுமியான்மலையை இன்னொரு நாளைக்கு வையுங்கள். தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு. கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள். போதும்.

இனி, கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: செம்புராங்கல்லா, கருங்கல்லா? இந்த வித்தியாசம் பிடிபடாமல் இந்த வழியில் போகிறவர் எதையும் பார்க்கவில்லை என்பேன்.

செம்புராங்கல் மழையின் வேலை. காலங்காலமாகப் பெய்த மழை, மண்ணிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போய்விட, இரும்பும் அலுமினியமும் பின்தங்கி இறுகியது அது. துரு நிறம், உடம்பெல்லாம் பொத்தல். தோண்டி எடுக்கும்போது இளகலாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் கெட்டிப்படும். அதனால்தான் செட்டிநாட்டு ஊருணிகளின் கரைச் சுவரிலும் படியிலும் அதைப் பார்க்கிறீர்கள். இந்தக் கல் தரையோடு தரையாகக் கிடக்கும், தலை தூக்காது. சாலையோரம் மண் வெட்டிய பள்ளங்களில் வண்டியை நிறுத்திப் பாருங்கள்: மேலே செம்மண், கீழே சரளை, அதற்கும் கீழே கல். மொத்தமாக ஓர் ஆள் உயரம்தான். பள்ளத்தாக்கு ரசிகர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இவ்வளவு அருகே கையை வைத்துத் தடவிப் பார்க்க எந்தப் பள்ளத்தாக்கு விடும்?

கருங்கல் வேறு சாதி. அது பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் இறுகியது. மேலே கிடந்த பாரமெல்லாம் அரித்துப்போன பிறகு, அழுத்தம் விட்டு விரிந்து, வெங்காயம் போலத் தகடு தகடாக உரிகிறது. கொலராடோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கில் நீங்கள் படம் பிடிக்கிற வரிவரியான அடுக்கு இங்கே இருக்காது. அடுக்கைத் தேடாதீர்கள், வளைவைத் தேடுங்கள். அதுவரை சமதளமாக வந்த செங்காட்டில் திருமயம் குன்று திடீரென்று எழுந்து நிற்கும்போது, இரண்டு கல்லும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும். அந்த வளைவின் மேல்தான் 1687-ல் மன்னர் கிழவன் சேதுபதி கோட்டை கட்டினார். எல்லோரும் உச்சிக்கு ஏறி பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் மதிலின் அடிவாரத்தைப் பாருங்கள், கட்டிய கல் எங்கே முடிந்து பிறந்த கல் எங்கே தொடங்குகிறதென்று. கீழே அதே பாறையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் கோயில்.

தண்ணீர் விஷயத்திலும் இவை இரண்டும் எதிர்க்கட்சிகள். பொத்தலான செம்புராங்கல்லில் நீர் இறங்கிவிடும். கருங்கல் பள்ளத்தில் விழுந்த மழை சுனையாகத் தங்கிவிடும். சித்தன்னவாசலில் நாவற்சுனை என்று ஒன்று இருக்கிறது. அதன் நீருக்கு அடியில் லிங்கத்தோடு ஒரு குடைவரை மூழ்கிக் கிடக்கிறது. இதைப் பற்றியெல்லாம் கே. ஆர். வெங்கடராம அய்யரின் புதுக்கோட்டை சமஸ்தானக் கையேடு, 1938-லிருந்து வெளிவந்த தொகுதிகளில், பொறுமையாகச் சொல்கிறது. நம் பயணக் கட்டுரையாளர்களோ ‘வறண்ட பூமி’ என்று இரண்டு சொல்லில் மாவட்டத்தையே தாண்டிவிடுகிறார்கள். போதாததற்கு டிரோன். மேலிருந்து பார்த்தால் எல்லாப் பாறையும் ஒன்றுதான். நடந்து ஏறியவன் பாதத்துக்குத்தான் சூடும் சரிவும் சொரசொரப்பும் தெரியும்.

நார்த்தாமலைக்கு வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். ஊரில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மேலமலையில் ஏறினால் விஜயாலய சோழீச்சரம், மேற்குப் பார்த்து நிற்கிறது. உள்ளே கருவறை வட்டம். எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஆளுயரத்தில் பன்னிரண்டு திருமால்கள் வரிசையாக நிற்கிறார்கள். சோழரா முத்தரையரா, முதலில் கட்டியது யார் என்ற சண்டையைப் புலவர்களிடம் விட்டுவிடுங்கள். கோயில் அந்தச் சரிவில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாறையைச் சமன் செய்து அடக்க வேண்டும் என்ற ஆத்திரம் கட்டியவனுக்கு இல்லை.

இந்த வழியெங்கும் சாலைக்கு இருபுறமும் தைலமரத் தோப்புகள் வரும். அங்கே வண்டியை மிதித்துக்கொண்டு போய்விடலாம், பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சீமைக்கருவேலங்காட்டை அப்படி ஒதுக்காதீர்கள். அதற்குள்ளேதான் பாதிக் கண்மாய்கள் ஒளிந்திருக்கின்றன.

இதை நம் இருவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சித்தன்னவாசலில் நேரம் போதவில்லையென்றால், அறிவர் கோயில் ஓவியத்தை விட்டுவிடுங்கள். கலை விமர்சகர்கள் அடிக்க வருவார்கள். தாமரைக் குளமும் அன்னமும் யானையும் உயர்ந்த வேலைதான், ஆனால் மங்கிப்போன அதைவிடத் தெளிவாகப் புத்தகங்களில் பார்த்துவிடலாம். ஏழடிப்பட்டத்தைப் புத்தகத்தில் பார்க்க முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்போடு போனால், குகைத் தரையில் சமணர்கள் வழவழவென்று தேய்த்த 17 படுக்கைகள். ஒன்றின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து. அங்கே போய் முதுகைக் கல்லுக்குக் கொடுத்துக் கொஞ்சம் உட்காருங்கள். காவலாளி கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்று சொல்லுங்கள், உடனே எழுந்துவிடாதீர்கள்.