புன்னையாகிய உடன்பிறப்பு

சங்கப் புலவர்கள் இயற்கையை நேசித்தனர் எனக் கூறுதல் எளிது. ஆனால் நேசித்தல் வேறு, உறவு கொள்ளுதல் வேறு. மலரின் அழகில் மயங்குகின்றவனுக்கு அம்மலரிடத்துக் கடமை ஒன்றும் இல்லை. உறவு என வந்துவிட்டாலோ கடமையும் நாணமும் உடன் வரும். இவ்வேறுபாட்டை விளக்க நற்றிணையின் 172ஆம் பாட்டே போதும். அதனைப் பாடியவர் பெயர் நமக்குக் கிடைத்திலது.

கடற்கரைச் சோலைக்குப் பகற்பொழுதில் வருகின்ற தலைவனிடம் தோழி பேசுகின்றாள். சிறுமியராய் விளையாடியபோது மணலில் அழுத்திய விதையைத் தாங்கள் மறந்து போனதையும், அது தானே முளைத்ததையும், நெய் கலந்த பால் வார்த்து அதனை வளர்த்ததையும் சொல்கின்றாள். தாயோ அம்மரத்தை அவர்களுடைய உடன்பிறந்தாள் என்றும், அவர்களினும் சிறந்தவள் என்றும் பாராட்டினாளாம். ஆதலால் அதன் நிழலில் தலைவனோடு நகைத்து விளையாட நாணமாக இருக்கின்றது. வேறு நிழலும் உண்டு என முடிக்கின்றாள்.

திருமணத்தை விரைவுபடுத்தத் தோழி கையாளும் சூழ்ச்சி இது. உறவு என்பது வெறும் சாக்கு என்பர் சிலர். துறை வரைவு கடாதல் என்பது உண்மையே. ஆயினும், சாக்கு எப்பொழுது பயன்படும்? கேட்பவன் அதனை நம்பத்தக்கது எனக் கொள்ளும்பொழுதுதானே? மரத்தை உடன்பிறப்பாகக் கருதும் வழக்கம் அம்மக்களிடையே சிறிதும் இல்லையாயின், தலைவன் நகைத்துவிட்டுப் போயிருப்பான். சூழ்ச்சி என்று கொண்டாலும் அதன் அடியில் மெய்யுணர்ச்சி இருந்தே தீரவேண்டும்.

தொல்காப்பிய மரபியல், மரத்தை ஓரறிவுயிராகவும் மனிதனை ஆறறிவுயிராகவும் வரிசைப்படுத்துகின்றது. இருவரும் ஒரே உயிர் வரிசையில் நிற்கின்றனர். ஆனால் மரம் அடியிலும் மனிதன் முடியிலும் நிற்கின்றனர். நற்றிணைத் தாய் இவ்வரிசையைப் பொருட்படுத்தவில்லை. பெற்ற மகளினும் ஓரறிவுயிரைச் சிறந்தது என்கின்றாள். தாயின் மனம் இலக்கணத்தையும் கடந்து நிற்கும் இடம் இது.

அகநானூற்றின் 4ஆம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், தேன் உண்ணும் வண்டுகள் அஞ்சாதிருக்கத் தன் தேர்மணியின் நாவைக் கட்டி வருகின்றான். அது அருள், வழிப்போக்கனும் அதனைச் செய்யலாம். புன்னையின்பால் எழுவதோ, வளர்த்த கைக்கு உரிய உரிமை. பால் வார்த்த கையே நாணுகின்றது. அம்மரத்தைப் புலவர் பேச வைக்கவும் இல்லை, அழ வைக்கவும் இல்லை. மரம் மரமாகவே நிற்கின்றது. மனிதரே தம் நடையைத் திருத்திக்கொள்கின்றனர். பாட்டின் உயிர்நிலை இதுவே.

பள்ளிகளில் இப்பாட்டு, 'திணை நெய்தல், கருப்பொருள் புன்னை' என்னும் குறிப்போடு முடிந்துவிடுதல் கூடாது. மலேசியக் கடற்கரைகளில் 'பெனாகா லாவுட்' என வழங்கும் மரம் இப்புன்னையே. ஆசிரியர் மாணவர்க்கு அதனைக் காட்டலாம். அதனினும் மேலாக, ஒரு விதையை ஊன்றி நீர் வார்க்கச் சொல்லலாம். இரண்டு இலை விட்ட பின்னர் பாட்டைப் பயிற்றினால் உரையின் துணை அதிகம் வேண்டியதில்லை.