ஹாலில் ஜமக்காளம் விரித்தோம், தலைகால் புரியவில்லை!

பெங்களூருவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களே, ஹாலுக்குக் கார்பெட் வாங்கப் போகிறீர்களா? பர்ஸைத் திறக்குமுன் தயவுசெய்து நான் சொல்வதைக் கேளுங்கள். பவானி ஜமக்காளம் வாங்குங்கள்! ஆமாம், கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டாரை உட்கார வைக்க விரிப்பார்களே, ஆலமரத்தடிப் பஞ்சாயத்தில் விரிப்பார்களே, கச்சேரி மேடையில் வித்வான்களுக்கு விரிப்பார்களே, அதே ஜமக்காளம்தான்! அது எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. லிஃப்டில் பேசுகிறேன், நந்தினி பால் பூத்தில் பேசுகிறேன், ஆபீஸ் கேன்டீனில் பிஸிபேளே பாத் ஆறிப்போகிற வரைக்கும் பேசுகிறேன். “ஏங்க, அவங்களுக்கு வேலை இருக்காதா?” என்று என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாலும் நிறுத்த மனசு வருவதில்லை.

இந்த ஊர்த் தரையைப் பற்றி உங்களுக்கே தெரியும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிற ஊர். மார்கழிக் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வெறுங்காலை டைல்ஸில் வைத்தால் உச்சந்தலை வரைக்கும் ஜிவ்வென்று ஏறும். அதனால் கீழே ஏதாவது விரித்தே ஆக வேண்டும். ஆனால் தூசி! காற்றடித்தால் செம்மண் தூசி, மெட்ரோவுக்குத் தூண் எழுப்புகிற தூசி, பக்கத்து சைட்டில் நாலு மாடி கட்டுகிற சிமென்ட் தூசி, எல்லாம் ஜன்னல் வழியாக நேரே ஹாலுக்குத்தான் வரும். கோடை மழையில் ஆரம்பித்து அக்டோபர் தாண்டும் வரை ஈரம் வேறு. வீட்டில் இரண்டு வாண்டுகள், தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிற அப்பா, வாரக்கடைசியானால் வந்து குவியும் சொந்தபந்தம். இத்தனை பேருடைய காலையும் கையையும் தாங்க வேண்டும், அழுக்கானால் வீட்டிலேயே அலசிப்போட வேண்டும். அப்படி ஒரு விரிப்பு வேண்டும் என்றுதான் கடைகடையாக ஏறினோம்.

அந்த அலைச்சலும் ஒரு சுகம்! கமர்ஷியல் ஸ்ட்ரீட், எம்.ஜி. ரோட்டுக் காவேரி எம்போரியம், ஜெயநகர் நாலாவது பிளாக் என்று ஒன்றையும் விடவில்லை. விரிப்பு என்று எதைப் பார்த்தாலும் குனிந்து பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிற பழக்கமே வந்துவிட்டது. நீங்களும் புரட்டுங்கள், ரகசியமெல்லாம் பின்பக்கம்தான் இருக்கிறது. கையால் முடிச்சுப் போட்ட காஷ்மீர் கம்பளமென்றால் முன்னால் இருக்கிற பூவும் கொடியும் பின்னாலும் துல்லியமாகத் தெரியும். ஆஹா, அந்தக் கம்பளிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்! ஆட்டு மயிரிலேயே ஒரு மெழுகுப் பிசுக்கு இருப்பதால் தண்ணீர் சிந்தினால் உடனே உறிஞ்சாமல் முத்து முத்தாக நிற்கும், நாம் ஓடிப்போய்த் துணியை எடுத்து வர நேரம் கிடைக்கும். மூன்று தலைமுறைக்கு உழைக்கிற சமாசாரம். ஆனால் மயிர்க்கால்களுக்கு நடுவில் மண் இறங்கிவிட்டால் வீட்டில் துவைக்க முடியாது. பின்பக்கம் துணி ஒட்டியிருந்தால் அது முடிச்சுப் போட்டதல்ல, ஊசியால் குத்தி ரப்பர் பசை தடவி ஒட்டியது, சில வருஷத்தில் பசை உலர்ந்து பொடிப்பொடியாக உதிரும். பாலிப்ரொப்பிலீன் கார்பெட்டில் சாயத்தை பிளாஸ்டிக்கோடு சேர்த்தே உருக்கி நூலாக்குகிறார்கள், அதனால் கறை சுலபமாகப் பிடிக்காது, விலையும் குறைவு. ஆனால் சோபா கால் அழுத்திய இடம் அழுத்தியபடியே கிடக்கும். விஸ்கோஸ், பட்டை மிஞ்சுகிற மினுமினுப்பு, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால்கூட தடம் விழும். சணல் பார்க்க அழகு, மழைக்காலத்தில் ஈரம் வாங்கி வாடை அடிக்கும். எல்லாவற்றையும் தொட்டுத் தடவி, முகர்ந்து பார்த்து (சிரிக்காதீர்கள், முகர்ந்தும் பார்த்தேன்!) வீட்டுக்கு வந்து யோசித்தால் விடை பளிச்சென்று தெரிந்தது: மயிரே இல்லாத, தட்டையாக நெய்த, கெட்டிப் பருத்தி விரிப்பு. அதற்கு நம் ஊரில்தான் பேரும் ஊரும் இருக்கிறதே!

கிளம்பிவிட்டோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர்க் கணவாய் இறங்கி சேலம், சங்ககிரி, குமாரபாளையம். அங்கே காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி! பெங்களூருவிலிருந்து 260 கிலோமீட்டர் போல இருக்கும், எனக்கோ பக்கத்துத் தெருவுக்குப் போனதாகத்தான் தோன்றியது. கூடுதுறையில் காவிரியும் பவானியும் கலக்கிற இடத்தில் காலை நனைத்துக்கொண்டு, சங்கமேஸ்வரரை ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தறிச் சத்தம் கேட்கிற தெருவைத் தேடிப் போனோம். கற்பனை பண்ணிப் பாருங்கள்: ஓட்டு வீடு, உள்ளே அரையிருட்டு, தரையில் குழி, அந்தக் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கால் மிதியை அழுத்துகிறது, பாவு நூல் இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது, நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ‘சர்’ரென்று பாய்கிறது, அடுத்த நொடி அச்சு ‘தட்’டென்று இறங்கி நூலை நெருக்குகிறது. தட்... தட்... தட்... அந்த அடி என் நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது! ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் கனம்தான் ஏறும், அப்படி ஏறி ஏறித்தான் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று பட்டை பட்டையாக ஒரு முழு விரிப்பு வளர்கிறது. சாயமேறிய புதுப் பருத்தி நூலின் வாசனை இருக்கிறதே, அதை நாள் பூராவும் இழுத்துக்கொண்டு நிற்கலாம்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பெரியவர் தறியை நிறுத்தினார்.

“வாங்க தம்பி, நின்னுட்டே பாத்தா என்னங் தெரியும்? செருப்பக் கழட்டிப்போட்டு அந்தா கெடக்குது பாருங்க, மேல ஏறி நில்லுங்க.”

ஏறினேன். கெட்டி! காலுக்கடியில் ஒரு உறுதி, ஆனால் குத்தவில்லை, வழுக்கவில்லை, புது வேட்டி போல ஒரு மொடமொடப்பு.

“எத்தனை வருஷம் உழைக்கும்ங்கய்யா?”

“எங்கூட்டுல எங்கய்யன் நெய்ஞ்சது இன்னும் கெடக்குதுங். அதுலதான் நெல்லுக் காயப்போடறோம்.”

முடிந்தது! இதற்கு மேல் உத்தரவாதச் சீட்டு எதற்கு? நான் அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணி வந்து குவிந்து நம் நெசவாளர்களின் வயிற்றில் அடித்தபோது, பவானியின் நெசவாளர் சமூகமான ஜங்கமர்கள் சோர்ந்து உட்காரவில்லை, தடித்த வண்ண நூலை எடுத்து ஜமக்காளத்தில் இறங்கினார்கள். அந்த நூலின் தடிமனில் நுணுக்கமான பூவேலை வராது, அதனால்தான் கோடும் பட்டையுமாக அந்தக் கம்பீரம் வந்தது. பூவேலை வேண்டுகிறவர்களுக்குச் செயற்கைப் பட்டு நூலில் கரை வைத்து இன்னொரு ரகமும் செய்தார்கள். 1970-களில் இந்த ஊரில் சேலை நெசவையே ஓரம் கட்டுகிற அளவுக்கு ஜமக்காளம் ஓடியிருக்கிறது. 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

இப்போது கேளுங்கள், வீட்டுக்கு வந்ததைச் சொல்கிறேன். ராத்திரி வந்து சேர்ந்தோம், எல்லாருக்கும் களைப்பு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா, என்னால் முடியவில்லை! சோபாவைத் தள்ளி, டீபாயைத் தூக்கி, ஹாலைப் பெருக்கித் துடைத்து, சுருட்டி வைத்திருந்ததை ஒரு உதறு உதறினேன் பாருங்கள், ‘படார்’ என்று காற்றில் விரிந்து, சிவப்பும் பச்சையும் ஒரு நொடி அந்தரத்தில் மிதந்து, மெல்ல இறங்கித் தரையில் படிந்தது, வெளுத்துக் கிடந்த ஹால் அப்படியே திருவிழாவுக்குத் தயாராகிவிட்டது, பிள்ளைகள் தூக்கக் கலக்கத்திலும் ஓடிவந்து குட்டிக்கரணம் அடித்தார்கள், அப்பா ஒன்றும் சொல்லாமல் வந்து நடுவில் உட்கார்ந்து கையால் ஒரு பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார், நானோ மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், ஒரு விரிப்புக்கு இவ்வளவா என்று யாராவது கேட்டால் ஆமாம், இவ்வளவுதான், இதற்கு மேலும்! மறுநாள் எதிர் ஃப்ளாட் கன்னடத்து ஆன்ட்டி எட்டிப் பார்த்து, “எஷ்டு சென்னாகிதே!” என்று அசந்து போனார். அவருக்கும் முழுக் கதையையும் தறிச் சத்தத்தோடு சொன்னேன்.

உண்மையான பரீட்சை சாம்பாரில் வந்தது. சின்னவன் கிண்ணத்தோடு கவிழ்த்தான், மஞ்சள் பட்டைமேல் இல்லை, வெளிர்ப் பட்டைமேல்! யாரும் பதறவில்லை. பருப்பை ஸ்பூனால் வழித்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சோப்பு பட்டதும் கறை செக்கச்செவேலென்று ஆனது. உங்களுக்கும் ஆகும், பயப்படாதீர்கள்! மஞ்சள்தூளில் இருக்கிற குர்குமின் காரம் பட்டால் சிவப்பாகும், அவ்வளவுதான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும், பிறகு வெயிலில் போட்டால் அந்த மஞ்சளும் வெளுத்துப்போகும், சூரிய வெளிச்சத்துக்குக் குர்குமின் தாக்குப்பிடிக்காது. நாலு கை பிடித்துப் பிழிந்து கொடியில் போட்டு, சாயங்காலம் போய்ப் பார்த்தால் கறை இருந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது! இப்படி வீட்டிலேயே தூக்கி அலசிப்போடுகிற கார்பெட்டை எந்த ஷோரூமில் காட்டுவார்கள்? தினசரிப் பராமரிப்பும் ஒன்றுமில்லை. பால்கனியில் நாலு உதறு, தூசி காலி. ஒரு பக்கம் சலித்தால் திருப்பிப் போடலாம், இரண்டு பக்கமும் முகம்தான். வெயிலில் காயப்போடும்போது மட்டும் கறை போனதும் எடுத்துவிடுங்கள், நாள்கணக்கில் கிடந்தால் சாயமும் வெளுக்கும். வழவழ டைல்ஸில் கொஞ்சம் நகரும்தான், அடியில் ஒரு ரப்பர் வலை போட்டால் அசையாது. முதல் அலசலில் லேசாகச் சாயம் இறங்கும், தனியாக அலசுங்கள். இதையெல்லாம் குறையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கன்னட நாட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நவல்குந்து ஜமக்கானாவும் என் மனசைக் கொள்ளை கொண்டதுதான்! தார்வாட் மாவட்டத்து நவல்குந்தில் பெண்கள் நெய்வது. குமாரகிருபா சாலைச் சித்ரகலா பரிஷத்தில் கைத்தறிக் கண்காட்சி போட்டால் ஓடிப்போய்த் தேடுங்கள். மயில், பகடைக் கட்டம் என்று வடிவங்களை அடுக்கி, நிமிர்ந்து நிற்கிற தறியில் நெய்து எடுக்கிறார்கள். அதுவும் பருத்திதான், அதுவும் தட்டைநெசவுதான், அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. எங்கள் படுக்கையறைக்கு அதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன், மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

வாங்கும்போது இரண்டு மூன்று காரியம் பண்ணுங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ரொம்ப ஒட்டினால் வேண்டாம். ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள், வெளிச்சம் சல்லடைக் கண்ணாகத் தெரிந்தால் நெசவு தளர்வு. ஓரத்திலிருந்து ஒரு பிசிறு நூல் கிடைத்தால் கொளுத்துங்கள்: காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பல் பொசுக்கென்று உதிர்ந்தால் பருத்தி, உருகிக் கெட்டிக் குண்டாக உறைந்தால் பிளாஸ்டிக் நூல். இன்னொன்று, இது முக்கியம். 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறியில் அடித்துத் தள்ளியதைப் ‘பவானி’ என்று பேர் போட்டு மலிவு விலையில் விற்கிறார்கள். அதை வாங்கினால் நமக்கு உழைப்பும் கிடைக்காது, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிற பெரியவருக்குச் சோறும் கிடைக்காது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ எப்படியும் சேலம் தாண்டி ஊருக்குப் போவீர்கள். கிளம்புகிற அன்றைக்கு ஹாலின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குமாரபாளையம் பாலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, தறி வீட்டிலேயே போய் வாங்குங்கள்.