அம்புக்குறி வரைபடமும் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களும்: சமயப் பரவல் பற்றிய எழுத்துகள் குறித்து ஒரு திறனாய்வு

உலகச் சமயங்களின் பரவலைப் பற்றித் தமிழில் எழுதப்படும் நூல்களும் வகுப்பறைக் குறிப்புகளும் பெரும்பாலும் ஒரே வரைபடத்தையே தருகின்றன. ஒரு பிறப்பிடம், அங்கிருந்து நாற்புறமும் செல்லும் அம்புக்குறிகள், ஒவ்வோர் அம்பின் முனையிலும் ஒரு மன்னர் அல்லது ஒரு சமயத் தொண்டர். மலேசியாவைப் பொறுத்தவரை அவ்வம்பு சோழநாட்டுக் கரையில் தொடங்கி, 1025இல் முதலாம் இராசேந்திரனின் படையோடு கடாரத்தில் வந்து தைக்கிறது. இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்குக் கோயில்களும் அதன் நீட்சியாகவே காட்டப்படுகின்றன. இவ்வெழுத்துமுறையை நாம் ஏற்பதற்கில்லை.

முதலாவதாக, அம்பின் திசையே ஐயத்திற்குரியது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் கடாரத்தரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் எழுப்பியது. அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. அதாவது, தமிழ்க் கரையில் பௌத்தப் பள்ளி எழுப்பியவன் கடலின் இக்கரையைச் சேர்ந்தவன். மணிமேகலையிலும் ஆபுத்திரன் சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறக்கிறான். அவனைக் காண மணிமேகலை அங்குச் செல்கிறாள். பின்னர் மணிபல்லவத்தில் இருவரும் சந்திக்கின்றனர். அங்குச் சமயம் ஒருவழிப் பயணமன்று, போக்குவரத்து. நாம் ஆண்டுதோறும் பாடம் சொல்லும் காப்பியத்திலேயே இச்சான்று இருக்க, ஒருவழி அம்பைக் கரும்பலகையில் வரைந்து வருவது வியப்பளிக்கிறது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. ‘பரவல்’ என்னும் ஒரே சொல் இருவேறு நிகழ்வுகளை மூடி மறைக்கிறது. மக்கள் இடம்பெயரும்போது தம் சமயத்தை உடன்கொண்டு செல்வது ஒன்று. இடம்பெயராத மக்களிடம் ஒரு புதிய சமயம் சென்று சேர்வது மற்றொன்று. புவியியலார் இவற்றைப் பிரித்தே பேசுவர். நம்மவர் எழுத்தில் இப்பகுப்பைக் காண்பது அரிது.

இதற்குப் பிரிக்பீல்ட்ஸைவிடப் பொருத்தமான களம் இல்லை. கோலாலம்பூரையும் கிள்ளானையும் நோக்கி 1886இல் இரயில் ஓடத் தொடங்கிய பின்னர், இரயில்வேப் பணிமனையையும் ஊழியர் குடியிருப்பையும் சார்ந்து வளர்ந்த ஊர் இது. இங்குள்ள சீயோன் லூத்தரன் தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது போதனைப் பயணம். ஐரோப்பியச் சமயம் தமிழரிடம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தமிழ் லூத்தரன்கள் மலாயாவுக்கு வந்ததோ பிழைப்புப் பயணம். அவர்கள் வேலை தேடி வந்தனர். வழிபாட்டை உடன்கொண்டு வந்தனர். நம் நூல்களில் இவ்விரண்டிற்கும் ஒரே நிற அம்புதான்.

ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலின் நிலையும் இத்தகையதே. நல்லூரை முன்மாதிரியாகக் கொண்டு அதனை எழுப்பியோர் யாழ்ப்பாணத்துத் தமிழர்; அரசுப் பணியிலும் இரயில்வேயிலும் எழுத்தர்களாக இருந்தோர் அவர்களுள் பலர். ஆறுமுக நாவலர் செப்பனிட்ட ஆகமச் சைவம் அவர்களுடையது. அதே காலத்தில் தோட்டப்புறங்களில் மாரியம்மனும் முனீஸ்வரரும் வேறொரு வழிபாட்டு மரபை வளர்த்தனர். இரண்டையும் ‘இந்து சமயப் பரவல்’ என ஒரே வண்ணத்தில் தீட்டிவிட்டால், கப்பலில் வந்தவர்களின் ஊரும் தொழிலும் வகுப்பும் மறைந்துபோகின்றன. சமயப் புவியியலுக்கு அவையல்லவா முதற்பொருள்?

அதே வட்டாரத்தில் மாறான சான்றும் உண்டு. ஜாலான் பெர்ஹாலாவிலுள்ள பௌத்த மகா விகாரம் 1894இல் சிங்களக் குடியேறிகள் அமைத்த சங்கத்தால் உருவானது. தொடக்கத்தில் அதுவும் உடன்கொண்டுவந்த சமயமே. 1952இல் இலங்கையிலிருந்து வந்த கே. ஸ்ரீ தம்மானந்தர் ஆங்கிலத்தில் உரையாற்றியும் எழுதியும் ஆங்கிலக் கல்வி பெற்ற சீனர்களை ஈர்த்தார். இங்கே பரவலின் கருவி மன்னனுமன்று, கப்பலுமன்று, மொழி. நம் சைவக் கோயில்கள் ஏன் அவ்வாறு மொழி கடக்கவில்லை, கடக்க வேண்டுமா என்பன தனி ஆய்வுக்குரியவை.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் இந்தியர் பள்ளிவாசலும் இவ்வகையில் ஆராயத்தக்கது. சோழமண்டலக் கரையின் மரைக்காயர் பெரும்பாலும் மலாய்க்காரரைப் போலவே ஷாஃபி மரபினர். உள்நாட்டு இராவுத்தர் ஹனஃபி மரபினர். கடல்வழியும் தரைவழியும் தொழுகை முறையிலேயே பதிந்துள்ளன.

கடாரப் பெருமிதத்தை எவரும் கைவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆயினும் அப்பெருமிதத்திற்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. பாடாங் ஜாவா மகா மாரியம்மன் கோயில் 2007 அக்டோபரில் இடிக்கப்பட்டபோதும், மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்துத் தேவி ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில் 2025இல் இடம் மாற இணங்கியபோதும் பொதுவெளியில் எழுந்த வினாக்கள் ஒன்றே: கோயில் எப்போது எழுந்தது? நிலம் யாருடையது? தோட்டக் கோயில்கள் பலவும் நிர்வாகத்தின் வாய்மொழி இசைவில் எழுந்தவை. தோட்டம் கைமாறியதும் அவ்விசைவு செல்லாததாயிற்று. அவற்றின் தொடக்க ஆண்டு, எழுப்பியோரின் ஊர், குடமுழுக்கு நாள் முதலியவற்றைத் தொகுத்த ஆய்வுகள் நம்மிடம் மிகக் குறைவு. நாம் பெருமையோடு சுட்டும் ஆனைமங்கலச் செப்பேடுகளோ ஒரு வழிபாட்டிடத்திற்கு விடப்பட்ட நிலத்தின் எல்லைகளை வரையறுத்துப் பதிவு செய்த ஆவணமாகும்.