பெயர் இட்டவள் சொன்ன காரணம்

முதலாம் நாளாகமம் பதின்மூன்று பெயர்களோடு தொடங்குகிறது. ஆதாம், சேத், ஏனோஸ் என்று நடந்து யாப்பேத்தில் நிற்கும் அந்த முதல் நான்கு வசனங்களில் ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது. யார் யாருக்குப் பிறந்தார் என்றுகூடச் சொல்லாமல் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. இப்படி ஒன்பது அதிகாரங்கள். வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட வேண்டும் என்று உட்காருகிறவர்கள் பலர் இங்கே வந்ததும் பக்கங்களைப் புரட்டிவிடுவார்கள்.

அப்படிப் புரட்டும்போது தவறிப்போவது நாலாம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனம். யூதா கோத்திரத்தாரின் நீண்ட அட்டவணைக்கு நடுவில் யாபேஸ் என்று ஒருவன் திடீரென்று வருகிறான். தகப்பன் பெயர் இல்லை. முன்னால் நிற்பவனோடு என்ன உறவு என்பதும் இல்லை. தாய் இருக்கிறாள், அவள் சொன்ன ஒரு காரணம் இருக்கிறது: வேதனையோடு பெற்றேன், அதனால் இந்தப் பெயர். எபிரேயத்தில் வேதனைக்கான சொல்லின் மெய்யெழுத்துகள் ஐன், த்சாதே, பேத். பையனின் பெயரில் இருப்பவை, முன்னால் ஒரு யோத் போக, ஐன், பேத், த்சாதே. கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. அடுத்த வசனத்தில் யாபேஸ் வளர்ந்து, தீமை தன்னை வேதனைப்படுத்தக் கூடாது என்று கடவுளிடம் கேட்கிறான். அங்கே அதே வேர்ச்சொல் சரியான வரிசையில் வருகிறது. தாய் எழுத்து மாற்றிப் பெயராக வைத்ததை மகன் நேராக்கிச் சொல்லி, அது தன்மேல் பலித்துவிட வேண்டாம் என்று மன்றாடுகிறான். ஏவாளுக்குச் சொல்லப்பட்ட பிள்ளைப்பேற்றின் வேதனையும் இதே வேர்தான்.

எபிரேயப் பெயர்களின் பொருளைப் பற்றிப் பேச வரும் எவரும் இந்த எழுத்து மாற்றத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். நம்மிடம் புழங்கும் பெயர் அகராதிகள் 'யாபேஸ் - வேதனை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்தப் பெயருக்கு வேதனை என்று பொருள் இல்லை. வேதனை என்ற சொல்லின் ஓசை அதில் கேட்கிறது, அவ்வளவுதான். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று நன்னூல் பிரிக்கிறது. வம்ச வரலாறுகளில் வரும் பெயர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. பெயர் முன்பே வழக்கில் இருக்கும். காரணம் பிள்ளை பிறந்த நேரத்தில், எதுகை போல ஒத்து ஒலிக்கும் ஒரு சொல்லாக, அதன்மேல் வந்து உட்காரும். சொற்பிறப்பு வேறு, பெயர்க்காரணம் வேறு. இரண்டும் விலகி நிற்கும் இடங்களில்தான் பதிவு பேசத் தொடங்குகிறது.

நோவாவை எடுத்துக்கொள்வோம். இவன் நம்மைத் தேற்றுவான் என்று லாமேக்கு சொல்லி அந்தப் பெயரை இடுகிறான். தேற்றுதலுக்கு எபிரேயத்தில் நஹம் என்ற வேர். நோவா என்ற பெயர் பிறப்பதோ நூஆஹ் என்ற வேரிலிருந்து. அதற்குப் பொருள் இளைப்பாறுதல். ஓசை நெருக்கம், வேர் வேறு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ஆதியாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்களுக்கே இது உறுத்தியிருக்கிறது. அவர்கள் தேற்றுவான் என்பதை விட்டுவிட்டு, இளைப்பாறச் செய்வான் என்று எழுதினார்கள். அப்போது வேர் பொருந்திவிடுகிறது. ஆனால் லாமேக்கின் வாயிலிருந்து வந்த சொல் போய்விடுகிறது.

மோசேயும் இப்படித்தான். தண்ணீரிலிருந்து எடுத்தேன் என்று பார்வோன் மகள் காரணம் சொல்கிறாள். மோஷே என்பதை எபிரேய இலக்கணப்படி பார்த்தால் எடுக்கப்பட்டவன் என்று வராது, எடுப்பவன் என்றே வரும். துத்மோசே போன்ற எகிப்திய அரசர் பெயர்களில் உள்ள 'பிறந்தவன்' என்ற பகுதியே இந்தப் பெயரின் மூலம் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். கதை எழுதியவர் எகிப்தியச் சொல்லை எபிரேயக் காதால் கேட்டிருக்கிறார். கடலிலிருந்து ஒரு ஜனத்தை எடுக்கப்போகிறவனுக்கு, எடுப்பவன் என்ற வடிவம் பொருத்தமாகவே விழுந்தது.

காயீனுக்கும் ஆபேலுக்கும் உள்ள வேறுபாடு இதைவிட நுட்பமானது. மூத்தவன் பிறந்ததும் ஏவாள் 'கானீத்தி' என்கிறாள், பெற்றுக்கொண்டேன் என்று. காயீன் என்ற பெயருக்கு ஓசைக்காரணம் கிடைத்துவிட்டது. இளையவனுக்கு அவள் எதுவும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஹெவெல் என்பது வழக்கிலிருந்த சாதாரணச் சொல். மூச்சு, ஆவி, பனிக்காலக் காலையில் வாயிலிருந்து கிளம்பிக் கலையும் புகை. பிரசங்கி புத்தகம் முழுவதும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சொல்லும் இதுவே. நம் தமிழ் வேதாகமத்தில் அங்கே மாயை என்று இருக்கிறது. இங்கே ஆபேல் என்று இருக்கிறது. இரண்டும் ஒரே சொல் என்று தமிழில் வாசிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. மாயை என்றால் உள்ளது போலத் தோன்றும் இல்லாதது என்று நமக்குப் பழக்கம். ஹெவெல் பொய்த்தோற்றம் இல்லை. அது உண்மையாகவே இருக்கிறது, ஆனால் நிற்பதில்லை. கொலை நடப்பதற்கு முன்பே பிள்ளையின் ஆயுள் அவன் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அதை ஒரு தாய் தானாக வைத்திருப்பாளா, கதை சொன்னவர் வைத்தாரா என்று கேட்டால், கதை சொன்னவர் என்றே நான் சொல்வேன். நகோமியின் மகன்கள் மக்லோன், கிலியோன் இருவரின் பெயர்களிலும் நோவும் நலிவும் ஒலிப்பது அப்படிப்பட்ட இன்னொரு கைவேலை.

ஆனால் ஆதியாகமம் 29, 30 ஆகிய இரண்டு அதிகாரங்களுக்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது. யாக்கோபின் பன்னிரண்டு மகன்களும் பிற்காலத்தில் கோத்திரங்கள், நில எல்லைகள், கொடிகள். அவர்களின் பெயர்களோ ஒரு வீட்டுக்குள் இரண்டு சகோதரிகளுக்கு நடுவே நடந்த துக்கத்தின் பதிவு. ரூபன் என்பதை நேராகக் கேட்டால் 'பாருங்கள், மகன்' என்று ஒலிக்கும். மூத்தவள் லேயாள் அதிலுள்ள 'பார்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கர்த்தர் என் சிறுமையைப் பார்த்தார், இனி என் புருஷன் என்னை நேசிப்பான் என்கிறாள். நேசிக்கவில்லை என்பது அடுத்த பெயரிலேயே தெரிகிறது. நான் வெறுக்கப்பட்டதைக் கர்த்தர் கேட்டார், அதனால் சிமியோன். மூன்றாவது லேவி: இப்போதாவது புருஷன் என்னோடு சேர்ந்திருப்பான். பார்த்தல், கேட்டல், சேர்தல் என்று மூன்று பெயர்களும் ஒரே மனிதனை நோக்கி நீட்டிய கைகள். நான்காவதில் அவள் புருஷனைப் பற்றிப் பேசவே இல்லை. கர்த்தரைத் துதிப்பேன் என்கிறாள், பிள்ளை யூதா. இத்தோடு அவள் ஆறிவிட்டாள் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. ஆறவில்லை. செபுலோன் பிறக்கும்போது, ஆறு பிள்ளைகள் பெற்றேன், இனியாவது என் புருஷன் என்னை மதிப்பான் என்று பழைய ஆசை திரும்ப வருகிறது.

தங்கை ராகேல் நெடுநாள் மலடியாக இருந்து பெற்றவனுக்கு யோசேப்பு என்று பெயர் வைத்து, ஒன்றல்ல, இரண்டு காரணம் சொல்கிறாள். 'அசஃப்' என்றால் நீக்கினார், என் நிந்தையை. 'யோசெஃப்' என்றால் சேர்ப்பாராக, இன்னொரு மகனை. நீக்குதலும் சேர்த்தலும் ஒரே பெயருக்குள். அந்த இன்னொரு மகனைப் பெறும்போது அவள் சாகிறாள். சாகும் மூச்சில் பெனோனி என்று பெயரிடுகிறாள், என் துக்கத்தின் மகன். யாக்கோபு அதை பென்யமீன், வலதுகையின் மகன், என்று மாற்றிவிட்டான். பன்னிருவரில் தகப்பன் பெயரிட்ட ஒரே பிள்ளை அவன். கோத்திர அட்டவணைகளில் தகப்பன் இட்ட பெயரே நின்றது. தாயின் பெயரை அழிக்காமல் பக்கத்திலேயே எழுதிவைத்தவர் யாரோ, அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

பெயர்க்காரணம் தவறான பிள்ளைமேல் உட்கார்ந்த இடமும் ஒன்று உண்டு. கர்த்தரிடம் கேட்டேன் என்று சொல்லி அன்னாள் மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிடுகிறாள். வேண்டிக் கேட்டல் என்ற வேர் சாமுவேலில் இல்லை, ஷாஊல் என்ற பெயரில் இருக்கிறது, அதாவது சவுல். அன்னாள் பிள்ளையை ஆலயத்தில் விடும்போது வரும் சொல் அப்படியே ஷாஊல்தான். சவுலின் பிறப்புக் கதையை யாரோ சாமுவேலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஒரு சாரார் எழுதினார்கள். வரப்போகும் அரசனின் நிழலை ஆசிரியர் வேண்டுமென்றே முன்கூட்டி விழவைத்தார் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது; அந்த வேர் ஒரே அதிகாரத்தில் அத்தனை முறை தற்செயலாக வராது.

இந்தத் துறைக்கு வயது அதிகம். முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோ, இஸ்ரவேல் என்றால் கடவுளைக் காண்கிறவன் என்று விளக்கினார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் எபிரேயப் பெயர்களுக்கு லத்தீனில் ஒரு விளக்க நூலே தொகுத்தார்; இடைக்கால ஐரோப்பா அதையே நம்பியிருந்தது. 1896இல் ஜி. புக்கானன் கிரேயின் நூலும் 1928இல் ஜெர்மானியர் மார்ட்டின் நோத்தின் நூலும் வந்தபின் பார்வை மாறியது. அக்காத்திய, கானானிய, அராமியப் பெயர்களோடு ஒப்பிட்டு, எபிரேயப் பெயர்களில் பெருவாரி ஒரு முழு வாக்கியம் என்று காட்டினார்கள்: எல்நாத்தான், கடவுள் கொடுத்தார், எலிஷாமா, என் கடவுள் கேட்டார், எலெயாசார், கடவுள் உதவினார். இந்தக் கடைசிப் பெயர் சுருங்கி லாசருவாகி, 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை திருமுழுக்கு பெற்றபோது தமிழில் தேவசகாயம் ஆனது. 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர் அவரே. ஓசையை எடுத்துவராமல் பொருளை எடுத்துவந்த அழகான பெயர்ப்பு அது.

மண்ணிலிருந்து வந்த சான்றுகள் இந்தப் படிப்புக்கு வேறொரு உறுதியைத் தந்தன. 1982இல் எருசலேமின் தாவீதின் நகரத்தில் யிகால் ஷிலோ அகழ்ந்தபோது 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. பாபிலோனியர் கிறிஸ்துவுக்கு முன் 586இல் வைத்த தீ, ஆவணச் சுருள்களை எரித்து, அவற்றின் முத்திரைகளைச் சுட்டுக் கெட்டியாக்கிவிட்டது. அவற்றில் ஒன்று சாப்பானின் மகன் கெமரியாவுடையது. எரேமியா 36இல் வரும் அந்தக் கெமரியா இவராகவே இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். தகப்பன் சாப்பானின் பெயருக்குப் பொருள் பாறை இடுக்குகளில் வாழும் ஒரு சிறு விலங்கு. மகன் பெயருக்குப் பொருள் கர்த்தர் நிறைவேற்றினார். ராகேல் பெண் ஆடு, தெபொராள் தேனீ, யோனா புறா என்று விலங்குப் பெயர்கள் வேதாகமத்தில் தாராளமாக உண்டு.

வெட்கப்பட்டு மாற்றிய பெயர்களும் இருக்கின்றன. சவுலின் மகன் சாமுவேல் புத்தகத்தில் இஸ்போசேத், வெட்கத்தின் மனிதன். எந்தத் தகப்பனும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்கமாட்டான். நாளாகமத்தின் அட்டவணையில் அவன் எஸ்பால், பாகாலின் மனிதன். பாகால் என்பதற்கு எஜமான் என்று பொதுப்பொருளும் உண்டு. ஒரு காலத்தில் இஸ்ரவேலின் கடவுளையே அப்படி அழைத்திருக்கலாம். அந்தச் சொல் அந்நிய தெய்வத்துக்கு உரியதாகிவிட்ட பிறகு, எழுதுபவர்கள் அதைத் துடைத்து 'போசேத்', அதாவது வெட்கம், என்று போட்டுவிட்டார்கள். யாரும் வாசிக்காத ஒன்பது அதிகாரங்களில் மட்டும் பழைய பெயர் தப்பியது. 2015இல், ஏலா பள்ளத்தாக்கை ஒட்டிய கிர்பெத் கெயாஃபாவில் கிடைத்த ஒரு ஜாடியின் எழுத்துகள் வெளியிடப்பட்டன. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு பழையது. அதிலிருந்த பெயர் எஸ்பால். சவுலின் மகன் அல்ல, வேறொருவன். ஆனால் அட்டவணை சொன்னது அக்காலத்தின் உண்மையான பெயர் என்பது உறுதியானது.

முத்திரைகளிலும் ஓட்டுச்சில்லுகளிலும் உள்ள பெயர்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் கவனித்த ஒன்று என்னை மிகவும் தொட்டது. யாத்திரை, சீனாய், சீயோன் என்று அந்த ஜனத்தின் பெரிய வரலாறு எதுவும் அந்தப் பெயர்களில் இல்லை. கொடுத்தார், கேட்டார், உதவினார், நினைத்தார் என்பவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. பிள்ளைக்காக ஏங்கியவர்கள் பேசும் சொற்கள் இவை. லேயாளின் வாயில் கதை சொன்னவர் வைத்ததும் இதே பார்த்தலும் கேட்டலும்தான். அவர் வீட்டுப் பேச்சை அறிந்தவர்.

இவ்வளவு இருக்கும்போது, ஆதாம் முதல் நோவா வரையிலான பத்துப் பெயர்களைக் கோத்து ஒரு நற்செய்தி வாக்கியமாக்கிக் காட்டுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அந்த வாக்கியத்துக்காக மெத்தூசலாவை 'அவன் சாவு கொண்டுவரும்' என்று பிரிக்கிறார்கள். பெயரில் இருப்பது ஆயுதத்தைச் சார்ந்த மனிதன் என்பதற்கு நெருக்கமான ஒன்று. லாமேக்குக்கு நொந்தவன் என்று பொருள் சொல்வதற்கு எபிரேயத்தில் வேரே இல்லை. பக்தியோடு செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவில் உண்மையாக இருக்கும் சொல்விளையாட்டை விட்டுவிட்டு இல்லாததைத் தேடுவது, அந்த எழுத்தாளர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

லேயாளுக்கு இன்னொரு பிள்ளையும் பிறந்தது. ஆறாவது மகனுக்குப் பிறகு அவள் ஒரு மகளைப் பெற்று தீனாள் என்று பெயரிட்டாள் என ஒரே வசனத்தில் முடிகிறது. பெயரில், யாக்கோபின் இன்னொரு மகன் தாணுக்குரிய அதே நியாயத்தீர்ப்பின் வேர் ஒலிக்கிறது. தாணுக்குக் காரணம் சொல்லப்பட்டது, இவளுக்குச் சொல்லப்படவில்லை. நான்கு அதிகாரம் தள்ளி சீகேமில் அவளுக்குக் கொடுமை நேர்கிறது. தகப்பன் பேசுகிறான், சகோதரர்கள் பேசுகிறார்கள், ஊரார் பேசுகிறார்கள். அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. முதலாம் நாளாகமம் இரண்டாம் அதிகாரம் இஸ்ரவேலின் பிள்ளைகளை வரிசையாக எழுதும்போது பன்னிரண்டு பெயர்கள் இருக்கின்றன. தீனாள் அதில் இல்லை.