எத்தனை என்பதும் எவ்வாறு என்பதும்

சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டக் குகையில் 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் கல்லையே தலையணைபோல் உயர்த்திச் செதுக்கியுள்ளனர். சமணத் துறவியர் தவமிருந்த இடம் அது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவருக்கு அவ்விருக்கை அமைக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. அக்கல்லில் கிடந்த உடல் எவ்வாறு நொந்தது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஆயினும் சமண மரபு துன்பத்தை எண்ணாமல் விட்டதில்லை. துறவி பொறுக்க வேண்டியவை 22 என அது வகுத்தது. பசி, தாகம், குளிர், வெப்பம், நோய் என அப்பட்டியல் நீள்கிறது. அந்த எண்ணிக்கை துன்பத்தின் அளவைக் குறிப்பதன்று, வகைகளைக் குறிப்பது என்பதே நாம் கருத வேண்டிய செய்தி.

இன்றைய மருத்துவமனையோ, 'பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எத்தனை?' என்று வினவுகிறது. நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் இவ்வினாவுக்கு 'மூணு' என்றார். மூன்று நாளாக வலிக்கிறது என்பது அவர் கருத்து. குறிப்பேட்டில் அது சிறு வலியாக ஏறியது. அவரும் நெடுநேரம் காத்துக் கிடந்தார். மறுநாள் நாம் பார்க்கச் சென்றபோது, 'ஈரத்துணியப் பிழியிற மாதிரி முறுக்குது சாமி' என்றார். பித்தப்பையில் கல் என்பது பின்னரே தெரிந்தது. அந்த ஒரு வாக்கியம் முதல் நாளே கேட்கப்பட்டிருக்குமானால்!

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1926-இல் நோயுற்றிருத்தலைப் பற்றி எழுதிய கட்டுரையில், பெருந்துயரங்களைப் பாடவல்ல தம் மொழியில் தலைவலியைச் சொல்லச் சொல் இல்லையே எனக் குறைபட்டார். அக்குறை முழுவதும் ஏற்கத் தக்கதன்று. 1975-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட வலி வினாத்தாள், அதே ஆங்கிலத்திலிருந்து 78 சொற்களைத் திரட்டி 20 தொகுதிகளாக நிறுத்தியது. சொல் இருந்தது, கேட்பார்தாம் அரியராய் இருந்தனர்.

தமிழுக்கும் இது பொருந்தும். மூட்டில் குடைச்சல், காலில் உளைச்சல், சிறுநீரில் கடுப்பு, நெஞ்சில் எரிச்சல், பல்லில் கூச்சம், விலாவில் குத்தல். கட்டி விண்விண்ணென்று தெறிக்கும், வயிறு பிசையும். இவற்றுள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க எந்தக் கிழவியும் உடன்படமாட்டார். மெல்சாக்கின் சொற்களைத் தமிழில் பெயர்த்துவிட்டால் இச்செல்வம் கிடைத்துவிடாது. குடைச்சலும் உளைச்சலும் நம் மக்களின் வாயிலிருந்தே திரட்டப்பட வேண்டியவை.

எண்ணை நாம் பழிக்கவில்லை. மருந்துக்கு முன் எட்டு, பின் நான்கு என்று ஒருவரே கூறும்போது அது நற்சான்று. ஆனால் ஒருவரின் ஐந்தையும் மற்றொருவரின் ஐந்தையும் ஒரே தராசில் நிறுத்த இயலாது. 'வலி' என்னும் சொல்லுக்கே வலிமை என்ற பொருளும் உண்டு; திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் பேசுவது வலிமையைத்தான். நோவைப் பொறுப்பதே வலிமை என வளர்க்கப்பட்டவர் ஏழைக் கூட இரண்டென்றே சொல்வார். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய விளக்கம், தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறுவது மதிக்கப்பட வேண்டும் என்றும், சொல்ல இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்றும் உரைக்கிறது. எண்ணைக் கேட்டதோடு கடமை முடிந்தது என்பார்க்கு இது தக்க மறுமொழி.

குற்றம் மருத்துவமனையினுடையது மட்டுமன்று. நோயாளி வாய் திறக்குமுன்னே, 'சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள்' என்று நாமும் எத்தனை முறை விரைந்திருக்கிறோம்! யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாது உடனிருந்தவரை நண்பர்களாகவே இருந்தனர். தாம் விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினர்.

ஆதலின் நோயாளியோடு மருத்துவரிடம் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். 'எத்தனை?' என்று கேட்கப்படுமுன், 'எப்படி வலிக்கிறது?' என வீட்டிலேயே கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை மாற்றாமல் ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் கொடுங்கள்.