மலிவு எவ்வளவு காலம் தாங்கும்?

2025 ஜனவரி 7ஆம் நாள் புத்ராஜெயாவில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் பரிமாறிக்கொள்ளப்பட்டது. மண்டலத்தின் பரப்பு 3,571 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. முதல் ஐந்தாண்டுகளில் 50 திட்டங்கள், பத்தாண்டுகளில் 100 என்பது இலக்கு. தகுதிபெறும் நிறுவனங்களுக்கு 15 ஆண்டுகள் வரை 5 விழுக்காடு வரி. அறிவுசார் பணியாளர்களுக்குப் பத்தாண்டுகள் 15 விழுக்காடு வருமான வரி. அதே ஆண்டின் முதல் காலாண்டில் 3,010 கோடி ரிங்கிட் முதலீட்டு ஒப்புதலுடன் மலேசிய மாநிலங்களில் ஜொகூர் முதலிடத்துக்கு வந்தது.

பணம் வருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பெருநகர வட்டாரத்தின் போட்டித்திறனை வந்து சேரும் பணத்தைக் கொண்டு மட்டும் அளந்துவிட முடியாது. அந்தப் பணம் எதனால் வருகிறது, வந்தபின் எதை விட்டுச் செல்கிறது என்ற இரண்டு கேள்விகளும் அதோடு சேர்ந்தவை. பக்கத்து நகரத்தின் விலையேற்றத்தைத் தன் வாய்ப்பாக்கிக்கொள்வது ஜொகூரின் வளர்ச்சி முறை. இந்த முறையின் பலம் மெய்யானது. அதனுள் இருக்கும் முரணும் அதே அளவு மெய்யானது. நிலமும் கூலியும் மலிவு என்று சொல்லி முதலீட்டாளரை அழைக்கும் அதே திட்டம், ஊதியத்தை உயர்த்துவோம் என்று உள்ளூர் மக்களுக்கு வாக்களிக்கிறது. ஒரே இடைவெளியை ஒருபக்கம் விற்றுக்கொண்டே மறுபக்கம் அடைப்பதாகச் சொல்வது எத்தனை காலம் நடக்கும்?

இந்த முறைக்கு வயது அதிகம். 1855இல் தெமெங்கோங் இப்ராகிம் தஞ்சோங் புத்திரியை, அதாவது இன்றைய ஜொகூர் பாருவை, நிறுவியபோது அவருடைய இருப்பிடம் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் இருந்தது. ஆற்றோரக் காடுகள் கங்சூ முறையில் சீனக் குடியேறிகளுக்குத் தரப்பட்டு மிளகும் கம்பீரும் விளைந்தன. மூலதனம் சிங்கப்பூர் வணிகருடையது, சந்தையும் சிங்கப்பூரிலேயே இருந்தது. மண்ணும் உழைப்பும் ஜொகூரில். பிறகு ரப்பர் வந்தது, பால்மரம் சீவத் தமிழர்கள் வந்தார்கள். 1989இல் அன்றைய சிங்கப்பூர்த் துணைப் பிரதமர் கோ சோக் தோங் முன்மொழிந்த வளர்ச்சி முக்கோணம் ரியாவ் தீவுகளையும் இதே கணக்கில் சேர்த்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் சரக்கு மாறியது. யார் நிலம் தருவது, யார் முடிவெடுப்பது என்ற பங்கீடு பெரிதாக மாறவில்லை.

2006 நவம்பரில் தொடங்கிய இஸ்கண்டார் திட்டம் இந்தப் பங்கீட்டை மாற்றும் முதல் முறையான முயற்சி. கூட்டரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் தயாரித்த விரிவான திட்டம், 2007இல் தனிச் சட்டத்தால் உருவான வட்டார மேம்பாட்டு ஆணையம், 2,217 சதுர கிலோமீட்டரில் ஐந்து முதன்மை வட்டாரங்கள், 2025க்குள் 38,300 கோடி ரிங்கிட் முதலீடு என்று அதன் அடித்தளம் விரிவானது. பல நகராட்சி எல்லைகளைத் தாண்டிச் சாலை, துறைமுகம், வீடு, கல்வி ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தது அதன் முதல் சாதனை. தென்கிழக்காசியாவின் பல பெருநகரங்களுக்கு இன்றும் அப்படி ஓர் அமைப்பு இல்லை.

இரண்டாவது பலத்துக்குத் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் சான்று. 2000ஆம் ஆண்டில் மெர்ஸ்க் நிறுவனம் தன் கப்பல்களைச் சிங்கப்பூரிலிருந்து இங்கே மாற்றியது. 2002இல் எவர்கிரீன் தொடர்ந்தது. கட்டணம் குறைவு என்பது காரணத்தில் பாதிதான். ஆழமான நீர், விரிவாக்க இடம் ஆகியவற்றோடு, துறைமுகத்தின் 30 விழுக்காடு பங்கையே மெர்ஸ்க் குழுமத்துக்குத் தந்ததுதான் மறுபாதி. பங்குதாரரான வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு வேறிடத்தில் பத்துக் காசு குறைவு என்று கிளம்பிவிட மாட்டார். 2024இல் இத்துறைமுகம் கையாண்ட கொள்கலன் அளவு 1.2 கோடி அலகுகளைத் தாண்டியது. மலிவை நுழைவாயிலாக்கி உறவை நிலைப்படுத்திய இந்த உத்தி, ஜொகூரின் பிற துறைகளில் அரிதாகவே கையாளப்பட்டது. விளைவுகளிலும் அந்த வேறுபாடு தெரிகிறது.

அந்த உத்தி பிற துறைகளுக்குப் பரவாததற்குக் காரணம் மலேசியக் கூட்டாட்சி அமைப்பில் இருக்கிறது. குடிநுழைவு, சுங்கம், வருமான வரி, கல்வி, தொழிலாளர் சட்டம் எல்லாம் கூட்டரசின் கையில். மாநிலத்தின் கையில் இருப்பது முதன்மையாக நிலமும் நீரும். ஆசிரியரை நியமிக்கவோ, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை மாற்றவோ, நிபுணருக்கு விசா தரவோ முடியாத அரசு, தன்னிடம் உள்ள கருவியையே எடுக்கும். அதனால் ஜொகூரில் எந்த வளர்ச்சிச் சிந்தனையும் கடைசியில் நில விற்பனையின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது.

ஃபாரஸ்ட் சிட்டி அதன் உச்சம். மாநிலத் தொடர்புள்ள நிறுவனத்துடன் சேர்ந்து சீனாவின் கண்ட்ரி கார்டன், கடலைத் தூர்த்து நான்கு தீவுகளில் ஏழு லட்சம் பேருக்கு நகரம் அமைப்பதாக அறிவித்தது. வாங்குபவர்கள் பெரும்பாலும் சீனாவில் இருந்தார்கள். சீனா மூலதன வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தியதும் விற்பனை சரிந்தது, 2023இல் கட்டுமான நிறுவனமே கடன் தவணை தவறியது. அங்கே வாழப்போகிறவர்கள் எந்த வேலை செய்வார்கள் என்ற கேள்வியை அந்தத் திட்டம் தொடக்கத்தில் கேட்கவே இல்லை. இப்போது அதே இடம் சிறப்பு நிதி மண்டலமாகி, குடும்பச் செல்வ மேலாண்மை அலுவலகங்களுக்கு வரியே இல்லை என்று அழைக்கிறது. கட்டடம் முதலில், காரணம் பிறகு என்ற வரிசை மாறவில்லை.

தரவு மையங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. மின்சாரமும் இடமும் போதாமல் சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தது. அந்தத் தேவை அப்படியே கடலைத் தாண்டி ஜொகூருக்கு வந்தது. செடெனாக்கும் கூலாயும் நுசாஜெயாவும் சில ஆண்டுகளிலேயே வட்டாரத்தின் பெரிய தரவு மையக் கொத்தாயின. சிங்கப்பூரின் கடலடி இணைப்புகளுக்கு அருகில், மின்கட்டமைப்பும் விரிந்த நிலமும் உள்ள இடம் வேறு எங்கும் இவ்வளவு எளிதில் கிடைக்காது. மின்விநியோகம், குளிரூட்டல், கட்டுமானம் ஆகியவற்றில் உள்ளூர்ப் பொறியியல் நிறுவனங்களுக்கு இதனால் கிடைத்த அனுபவமும் சிறிதல்ல.

குறையும் அதே அளவு தெளிவானது. முதலீட்டுத் தொகையின் பெரும்பகுதி இறக்குமதிச் சில்லுகளுக்கும் கருவிகளுக்கும் போகிறது. கட்டி முடித்தபின் ஒரு மையத்தை நடத்தச் சில நூறு பேர் போதும். அதில் ஓடும் கணிப்புத்திறனை வாங்குபவர் வேறு நாட்டில் இருக்கிறார். சேவையகங்களைக் குளிர்விக்க நீர் வேண்டும், வறண்ட மாதங்களில் வீட்டுக் குழாய்க்கும் அதே நீர்தான். மாநில அரசு இதை உணர்ந்தது பாராட்டத்தக்கது. 2024இல் அமைக்கப்பட்ட ஒருங்கிணைப்புக் குழு விண்ணப்பங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை நிராகரித்தது. நீரை அதிகம் உறிஞ்சும் கீழ்நிலை வகை மையங்களுக்கு 2025இல் கதவு மூடப்பட்டது. வருவதை எல்லாம் வாரிக்கொள்ளாமல் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய நாளே ஒரு வட்டாரம் மலிவுப் போட்டியிலிருந்து ஓரடி மேலேறும் நாள். ஆனால் நிராகரிப்பின் அளவுகோல் இன்னும் நீரும் மின்சாரமும்தான். உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு இவ்வளவு கணிப்புத்திறன் சலுகையில் கிடைக்குமா, உள்ளூர் மென்பொருள் நிறுவனத்துக்கு இடமுண்டா என்பவையும் ஒப்புதலின் நிபந்தனைகளாக வேண்டும்.

நீரைப் பற்றிய பேச்சில் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைத் தவிர்க்க முடியாது. 2061 வரை ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென். அதில் ஒரு பகுதியைச் சுத்திகரித்த நீராக ஆயிரம் கேலனுக்கு 50 சென் கொடுத்து ஜொகூர் திரும்ப வாங்குகிறது. சுத்திகரிப்பின் உண்மைச் செலவு 50 சென்னைவிட மிக அதிகம் என்பது சிங்கப்பூரின் பதில்; அதில் நியாயமுண்டு. விலைப் பூசலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கேள்வி வேறு: கச்சாவாக விற்றதைப் பதப்படுத்தும் திறனை இத்தனை பத்தாண்டுகளில் முழுமையாகத் தன்வசம் வளர்த்துக்கொள்ளாத பொறுப்பு யாருடையது?

தொழிற்சாலைகளிலும் இதே கேள்வி எழுகிறது. டைசன் நிறுவனம் 2002இல் தன் தூசு உறிஞ்சி உற்பத்தியை இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. ஜொகூரின் ஒப்பந்த உற்பத்தியாளர்கள் அதனால் வளர்ந்தார்கள். துல்லிய வார்ப்பு, தரக்கட்டுப்பாடு, பெருவேக உற்பத்தி ஆகியவற்றில் தேர்ந்தார்கள். 2019இல் தலைமையகத்தை ஆசியாவுக்கு நகர்த்த அதே நிறுவனம் முடிவெடுத்தபோது தேர்ந்தது சிங்கப்பூரை. 2021இல், தொழிலாளர் நிலை குறித்த தணிக்கைக்குப் பின், ஜொகூரின் ஏடிஏ நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை அது முறித்தது. வெளிநாட்டுத் தொழிலாளரின் மலிவை நம்பி நிற்கும் போட்டித்திறன் ஒரே தணிக்கையில் சரியக்கூடும் என்பது அப்போது தெரிந்தது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடியதும், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டதும் இதே பாடத்தின் மறுபக்கம். கண்காணிப்பின் செலவைக் குறைத்துப் பெறும் மலிவுக்குக் குழந்தைகளின் நுரையீரல் விலை கொடுத்தது.

ஜொகூரை ஷென்ஜெனோடு ஒப்பிடும் பழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. 1980இல் சிறப்பு மண்டலமான ஷென்ஜென் ஹாங்காங்கின் பணத்தால் எழுந்து ஹுவாவேயையும் டென்சென்ட்டையும் பெற்றெடுத்தது. ஜொகூரால் ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். இந்த ஒப்பீடு ஒரு முக்கிய வேறுபாட்டை மறைக்கிறது. ஹாங்காங்கின் மூலதனம் எல்லை தாண்டி வரலாம். ஷென்ஜென் தொழிலாளர் விரும்பியபடி ஹாங்காங்கில் வேலைக்குப் போக முடியாது. அதனால் ஊதிய இடைவெளி மூலதனத்தை இழுத்தது, மனிதரை இழக்கவில்லை. ஜொகூரில் இரண்டும் ஒரே பாலத்தில் நடக்கின்றன. நாள்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடக்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கும்போது, விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் இளைஞருக்கு எந்த வரிச்சலுகையும் பதிலாகாது.

இந்த ஓட்டத்தைப் பழிப்பதும் தவறு. அந்தச் சம்பளத்தில்தான் மாசாயிலும் ஸ்கூடாயிலும் உலு திராமிலும் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். குடும்பத்துக்கு அது வரவு. வட்டாரத்தின் புத்தாக்கத்துக்குத்தான் இழப்பு. ஆய்வாளர் அன்னலீ சாக்சீனியன் 1994இல் சிலிக்கான் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதிய நூலில் காட்டியது இதுதான்: பொறியாளர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறும்போது அனுபவம் அதே வட்டாரத்துக்குள் சுற்றிவருகிறது, புதிய நிறுவனங்கள் அந்தச் சுற்றிலிருந்து பிறக்கின்றன. ஜொகூரில் தேர்ந்த பொறியாளரின் அடுத்த வேலை பெரும்பாலும் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு மணிக்குப் பத்தாயிரம் பேரை ஐந்து நிமிடத்தில் கொண்டுசெல்லவிருக்கும் ஆர்டிஎஸ் ரயிலையும் இப்படித்தான் மதிப்பிட வேண்டும். அது நிறுவனங்களை வடக்கே கொண்டுவருமா, ஆட்களைத் தெற்கே இன்னும் விரைவாக அனுப்புமா என்பதை ரயில் தீர்மானிக்காது. வடக்கே உள்ள வேலையின் தரம் தீர்மானிக்கும்.

மாற்று வழிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தைத் தொடங்கிய பினாங்கும் மலிவுக் கூலியைத்தான் விற்றது. ஆனால் 1989இல் பன்னாட்டு நிறுவனங்களையே நிர்வாகத்தில் அமர்த்திப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தது. அந்நிறுவனங்களில் பழகிய பொறியாளர்களே பின்னர் வைட்ராக்ஸ் போன்ற சொந்த நிறுவனங்களைத் தொடங்கினார்கள். சிங்கப்பூரிலிருந்து தொலைவில் இருந்ததும் பினாங்குக்குக் காப்பானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று பினாங்கின் தனிநபர் உற்பத்தி தேசிய சராசரிக்கு மேலே, ஜொகூருடையது கீழே.

ஜொகூருக்குள்ளேயே இன்னொரு சான்று மூவார். பெருந்திட்டம் எதுவும் இல்லாமல், சிறு பட்டறைகள் ஒன்றுக்கொன்று உதிரிகளும் ஆட்களும் நுட்பமும் பரிமாறி வளர்ந்த மரத்தளவாடத் தொழில் அது. பால் வற்றி வெட்டப்பட்ட ரப்பர் மரத்தை ஏற்றுமதிப் பொருளாக்கியவர்கள் அவர்கள். வெளிநாட்டுத் தொழிலாளரை மிகுதியாகச் சார்ந்திருப்பது அதன் பலவீனம். ஆனால் முடிவெடுப்பவர் உள்ளூரில் இருக்கிறார். லாபமும் அடுத்த முயற்சியும் அங்கேயே நிகழ்கின்றன.

ஆக, அளவுகோலை மாற்றினால்தான் முறை மாறும். ஒப்புதல் பெற்ற முதலீட்டுத் தொகையை முதல் வரியில் அறிவிக்கும் அரசு, உள்ளூர் நிறுவனங்களிடம் வாங்கப்பட்ட பொருளின் பங்கு எவ்வளவு, ஐந்தாண்டு கழித்தும் ஜொகூரிலேயே வேலை பார்க்கும் பட்டதாரிகள் எத்தனை பேர் என்பவற்றையும் அதே வரியில் அறிவிக்க வேண்டும். 1980களில் ஸ்கூடாய்க்கு வந்த மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எடுசிட்டியின் வெளிநாட்டுக் கிளை வளாகங்களைவிட ஆழமான ஆய்வு வேர் கொண்டது. வரிச்சலுகை பெறும் ஒவ்வொரு நிறுவனமும் அதோடு கூட்டாய்வு செய்வது நிபந்தனையாகலாம். தஞ்சோங் பெலெப்பாஸில் வாடிக்கையாளர் பங்குதாரரானதைக் கண்ட மாநிலம், இன்று தரவு மையங்களில் தன் பொறியாளர்களையும் சிறு நிறுவனங்களையும் பங்குதாரராக்க முடியாதா?

நம் சமூகத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. கூலாயில் இன்று தரவு மையம் நிற்கும் நிலங்களில் பெரும்பகுதி நேற்றுவரை தோட்டம். தோட்டம் கைமாறும்போதெல்லாம் முதலில் இடம்பெயர்ந்தவர்கள் அங்கே உழைத்த தமிழர்கள். மாநிலத்தில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் பிள்ளைகள் அந்த மையங்களின் வாசலில் பாதுகாவலராக நிற்கிறார்களா, உள்ளே குளிரூட்டல் வலையமைப்பை வடிவமைக்கிறார்களா என்பது ஒரு சமூகத்தின் குறை முறையீடாகச் சுருங்கிவிடக்கூடாது. மாநிலத்தின் போட்டித்திறனுக்கே அது அளவுகோல்.

சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் இடையிலான இடைவெளி எப்படியும் குறையும். திறன் உயர்ந்து ஊதியம் ஏறினால் அது முன்னேற்றம். நிலமும் வாடகையும் மட்டும் ஏறிக் கூலி அங்கேயே நின்றால், மலிவும் போகும், மதிப்பும் வராது. முதலீட்டாளர் அடுத்த மலிவான கரையைத் தேடிப் போவார். சிறப்பு மண்டலத்தின் வெற்றி முதல் வகை ஏற்றம் எவ்வளவு என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கை யாரும் இன்னும் வைக்கத் தொடங்கவில்லை என்றால், 5 விழுக்காடு வரி யாருக்காக விட்டுக்கொடுக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை ஜொகூர் மக்களுக்கு உண்டு.