சாட்சியமும் உடைமையும்: ஹென்றி ஹம்ப்டனின் விவரணத் திரைப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

திரைப்படம் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் நெறியாளரையே படைப்பாளியாகக் கொள்வன. தயாரிப்பாளர் என்பவர் பணமிடுபவர், படம் வெளிவந்தபின் இலாபநட்டக் கணக்கினைப் பார்ப்பவர் என்ற கருத்தே பரவலாக வேரூன்றியுள்ளது. கதைப்படங்களைப் பொறுத்தவரை இக்கருத்து ஓரளவு பொருந்தக்கூடும். ஆனால் விவரணத் திரைப்படத் துறையில், அதிலும் தொலைக்காட்சிக்கெனப் பல பகுதிகளாக உருவாகும் தொடர்களில், எதனைச் சொல்வது, யாரைக் கொண்டு சொல்விப்பது, யாருடைய பணத்திற் சொல்வது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடைகாண்பவர் தயாரிப்பாளரே. அவ்விடைகளே படைப்பின் கருத்துநிலையையும் வடிவத்தையும் நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது, அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஹென்றி ஹம்ப்டனின் (1940–1998) பணியாகும்.

ஹம்ப்டன் மிசூரி மாநிலத்துச் சென் லூயிஸ் நகரிற் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1955 இல், பதினைந்தாவது வயதில், இளம்பிள்ளைவாத நோய் அவரது காலைப் பாதித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே, சிக்காகோவிலிருந்து மிசிசிப்பியிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்த எமெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையராற் கடத்திக் கொல்லப்பட்டான். ஏறத்தாழ ஒத்த வயதினனான அச்சிறுவனின் கதை, முப்பது ஆண்டுகளின் பின் ஹம்ப்டன் தயாரித்த பெருந்தொடரின் முதற்பகுதியில் முக்கிய இடம்பெறுவது மனங்கொள்ளத்தக்கது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்று 1961 இற் பட்டம் பெற்ற அவர், மருத்துவக் கல்வியைத் தொடங்கி இடையிற் கைவிட்டுப் பொஸ்டன் நகரில் யூனிற்றேரியன் திருச்சபையின் தகவற் பிரிவிற் பணியாற்றினார்.

1965 மார்ச் 7 ஆம் திகதி அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில், வாக்குரிமை கோரி நடந்துசென்ற ஏறத்தாழ 600 பேர் பாலமொன்றின் அருகே பொலிசாரால் தாக்கப்பட்டனர். இதனையடுத்து மாட்டின் லூதர் கிங் விடுத்த அழைப்பினை ஏற்றுச் செல்மாவுக்குச் சென்ற திருச்சபையினருள் ஹம்ப்டனும் ஒருவர். அவ்வாறே பொஸ்டனிலிருந்து சென்ற ஜேம்ஸ் றீப் என்ற மதகுரு தாக்கப்பட்டு மார்ச் 11 ஆம் திகதி உயிரிழந்தார். இப்போராட்டம் படமாக்கப்படவேண்டும் என்ற எண்ணம் அங்கேயே தமக்கு உதித்ததாக ஹம்ப்டன் பின்னர் கூறியுள்ளார். அவ்வெண்ணம் நிறைவேற இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1968 இற் பொஸ்டனில் அவர் நிறுவிய 'பிளக்சைட்' நிறுவனம் நீண்டகாலம் அரச அமைப்புகளுக்கும் பிற நிறுவனங்களுக்குமான குறும்படங்களைத் தயாரித்தே உயிர்வாழ்ந்தது. வணிகத் தொலைக்காட்சி நிறுவனமொன்றின் நிதியுடன் 1970களின் இறுதியில் தொடங்கிய முதல் முயற்சி முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. எனினும் 1979 இற் பதிவுசெய்யப்பட்ட நேர்காணல்கள் எஞ்சின. சுயாதீனத் தயாரிப்பாளரின் வாழ்வு எத்தகையது என்பதற்கு இவ்வாண்டுகளே சான்று. சுயாதீனம் என்பது பிறர் பணத்தைத் தொடாதிருத்தலன்று. அப்பணம் கேட்கும் படத்தை எடுக்க மறுத்தபின்னரும் தொழிலைக் கைவிடாதிருத்தலே எனலாம்.

'ஐஸ் ஒன் த பிறைஸ்' என்ற தொடரின் முதற்பிரிவு 1987 ஜனவரி 21 ஆம் திகதி முதல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பாகியது. விடுதலைப் பாடலொன்றிலிருந்து பெயர்பெற்ற இத்தொடர் 1954 முதல் 1965 வரையிலான குடியியல் உரிமைப் போராட்டத்தைச் சித்திரிப்பது. ஹம்ப்டன் இதன் நிருவாகத் தயாரிப்பாளர். தனித்தனிப் பகுதிகளை நெறிப்படுத்தியவர்கள் வேறு பலர். ஆயினும் தொடர் முழுவதையும் ஆளும் ஒழுங்கு அவருடையதே. படப்பிடிப்பு தொடங்குமுன் தயாரிப்புக் குழுவினர் அனைவரும் வின்சென்ற் ஹார்டிங், கிளேபோர்ண் கார்சன் முதலிய வரலாற்றறிஞரிடமும் போராட்டத்திற் பங்கேற்றோரிடமும் பாடங்கேட்டனர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் இணைந்தே பணியாற்றவேண்டுமென அவர் வற்புறுத்தினார். ஒத்த கருத்தினரைச் சேர்ப்பதிலும் பார்க்க, ஒருவரையொருவர் வினாவத்தக்கோரைச் சேர்ப்பதே அவரது முறைமையாயிருந்தது.

இத்தொடரின் தலையாய விதி எளிமையானது. நிகழ்ச்சியிற் பங்கேற்றவரே அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசவேண்டும். வரலாற்றறிஞர்கள் திரைக்குப் பின்னால் ஆலோசனை கூறினர். திரையில் அவர்கள் தோன்றி விளக்கமளிப்பதில்லை. இவ்விதியின் பயனை மூன்றாம் பகுதியிற் காணலாம். 1960 ஏப்ரல் மாதத்தில் நாஷ்வில் நகர மேயரை நேர்நின்று வினாவிய டயான் நாஷ் அவ்வேளை இருபத்தொரு வயதுப் பல்கலைக்கழக மாணவி. நிற அடிப்படையில் மனிதரைப் பிரித்தல் தவறென மேயர் தனிமனிதராகக் கருதுகின்றாரா என்பதே அவரது வினாவின் சாரம். அதனைத் தவறென மேயர் ஏற்றார். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் கமராவின் முன்னமர்ந்து நாஷ் அத்தருணத்தை நினைவுகூரும்போது, மாணவர் இயக்கம் என்ற பொதுச்சொல் மறைந்து, ஒரு முகமும் ஒரு முடிவும் புலப்படுகின்றன. பேராசிரியர் ஒருவரின் விளக்கம் எத்துணைச் செறிவுடையதாயினும் இதனைச் செய்திராது.

அவ்விதி எதிர்த்தரப்பினருக்கும் உரியதாயிற்று. செல்மாவின் ஷெரிப் ஜிம் கிளார்க், அலபாமா ஆளுநர் ஜோர்ஜ் வொலஸ் ஆகியோரும் பிளக்சைட் குழுவினரால் நேர்காணப்பட்டனர். அவர்களை இகழ்வதற்கோ மன்னிப்பதற்கோ படம் முனைவதில்லை. அவர்தம் சொற்களின் அருகே அவர்தம் செயல்களின் பழைய படச்சுருள் வைக்கப்படுகின்றது. தீர்ப்பு பார்வையாளரிடம் விடப்படுகின்றது. உரைவழங்கிய ஜூலியன் பொண்ட், மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் தாமே போராட்டத்தின் சாட்சியாயிருந்தும் 'நான்' என்று கூறாது அமைந்த குரலிற் பேசுவது இவ்வடக்கத்திற்கு இசைவானது. பிரசாரப் படத்திற்கும் இத்தொடருக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தெளிவாகின்றது. பக்கஞ்சாராமை இதன் இலக்கன்று. எந்தப் பக்கத்திலிருந்து நோக்குகின்றதென்பதை ஒளிக்காமலே எதிர்ப்பக்கத்தையும் பேசவிடும் துணிவே இதன் பலம்.

எனினும் இம்முறை குறையற்றதன்று. எமெட் டில் வரும் பகுதியில், கடையொன்றின் முன் நிகழ்ந்ததை அச்சிறுவனின் உறவினர் ஒருவர் விவரிக்கின்றார். அன்று உண்மையாகவே உடனிருந்த மற்றோர் உறவினரான சிமியோன் றைற், முன்னவர் அவ்வேளை அவ்விடத்தில் இருக்கவில்லையெனப் பின்னாளில் எழுதி அக்கூற்றை மறுத்தார். சாட்சியின் முகமே சான்றாகிவிடும்போது, அச்சான்றைப் பரிசோதிக்கும் குரலுக்குப் படத்தில் இடமிருப்பதில்லை. நினைவு நேர்மையானதாயிருந்தும் பிழைபடலாம். கேட்டவை கண்டவையாக மாறலாம். அறிஞரின் குரலைத் திரையினின்று அகற்றியமை உணர்ச்சிக்கு வலுவூட்டியது. சரிபார்த்தலின் பொறுப்பையோ முழுவதும் திரைக்குப் பின்னால் ஒதுக்கியது.

முதற்பிரிவின் மற்றொரு வரையறை அதன் அமைப்பிலேயே உள்ளது. செல்மாவில் முடிவுறும் கதை வெற்றிக்கதையாகின்றது. தெற்கின் கொடுமை, மக்களின் எழுச்சி, 1965 இன் வாக்குரிமைச் சட்டம் என்ற ஏறுமுகமான வளர்ச்சி எவரையும் நெகிழச் செய்யும். அரச வைபவங்களுக்கும் இடையூறின்றிப் பொருந்தும். 1990 இல் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பிரிவு இவ்வசதியைக் குலைத்தது. 1967 இன் டிற்றோயிற் கலகம், 1969 இற் சிக்காகோவிற் பொலிசார் நடத்திய திடீர்ச் சோதனையின்போது பிளக் பாந்தர் தலைவர் பிரெட் ஹம்ப்டன் (பெயரொற்றுமையன்றித் தயாரிப்பாளருக்கு உறவற்றவர்) கொல்லப்பட்டமை, 1971 இன் அற்றிக்கா சிறைக்கலகம் என்பன இதில் இடம்பெறுகின்றன. 1974 இற் பாடசாலைகளில் இனங்களை ஒன்றுசேர்க்கும் நீதிமன்ற ஆணையை எதிர்த்துப் பொஸ்டனில் எழுந்த வெறுப்பும் இதிற் பதிவாகியுள்ளது. பொஸ்டன் தயாரிப்பாளரின் சொந்த நகர். கொடுமை தெற்கிற்கு மட்டும் உரியதென்ற ஆறுதலை அவர் தம் அயலவர்க்கும் வழங்கவில்லை. பாடசாலைகளில் முதற்பிரிவே பெரிதும் கற்பிக்கப்பட்டது. ஆயினும் விமர்சன நோக்கில் இரண்டாம் பிரிவே முதிர்ந்த படைப்பு. சட்டத்தை வென்றபின்னும் வறுமையும் குடியிருப்பும் பொலிசும் எஞ்சுவதை அது மறைக்கவில்லை.

இவ்விடத்திலேயே ஹம்ப்டனின் பணியின் ஆழ்ந்த முரண்பாடு தோன்றுகின்றது. சாட்சியம் மக்களுடையது, அதனைத் தாங்கிய பிம்பமோ பிறருடைய உடைமை. செல்மாப் பாலத்தின் படச்சுருள் செய்தி நிறுவனங்களுக்குரியது. புகைப்படங்களும் பாடல்களும் வெவ்வேறு உரிமையாளருக்குரியன. இவற்றை நிரந்தரமாக வாங்கும் வசதி சுயாதீனத் தயாரிப்பாளரிடம் இருக்கவில்லை. எனவே பலவும் குறித்த காலத்திற்கே அனுமதிபெற்றுப் பயன்படுத்தப்பட்டன. 1990களின் நடுப்பகுதியில் அவ்வனுமதிகள் காலாவதியாகத் தொடங்கவே, ஒரு மக்கட் கூட்டத்தின் போராட்ட வரலாறு ஒளிபரப்பப்படவும் புதிதாக விற்கப்படவும் முடியாததாயிற்று. நூலகங்களிலும் பாடசாலைகளிலும் தேய்ந்த நாடாக்களே எஞ்சின. போர்ட் மன்றம் வழங்கிய 6 இலட்சம் டொலரும் றிச்சர்ட் கில்டர் வழங்கிய 2½ இலட்சம் டொலரும் கொண்டு உரிமைகள் மீளப்பெறப்பட்டு, 2006 இல் முதற்பிரிவு மீண்டும் ஒளிபரப்பாகியது. அதனைக் காண ஹம்ப்டன் உயிரோடிருக்கவில்லை. அடியும் உதையும் பட்டவர்கள் தாம் பட்டதைக் காண்பதற்கு மற்றொருவருக்கு வாடகை செலுத்தவேண்டியிருந்தமை தனியொருவரின் கவனக்குறைவன்று. நினைவையும் பண்டமாக்கும் சமூக அமைப்பின் இயல்பே அது.

பெரும் பொருளாதார மந்தம் பற்றிய தொடர் (1993), ஓர்லாண்டோ பக்வெல் நெறிப்படுத்திய மல்கம் எக்ஸ் படம் (1994), வறுமைக்கெதிரான அரச நடவடிக்கைகள் பற்றிய தொடர் (1995) ஆகியன அவரது பிற்காலத் தயாரிப்புகள். கறுப்பினக் கலைஞர் பற்றிய தொடர் அவர் மறைந்தபின் 1999 இல் வெளிவந்தது. இவை யாவும் முதற்றொடரின் புகழை எட்டவில்லை. ஆனால் இனப்பிரச்சினையிலிருந்து வறுமைப் பிரச்சினைக்கு நகர்ந்த நோக்கின் வளர்ச்சியை இவற்றில் அவதானிக்கலாம். அவரது பட்டறையிற் பயின்ற பலர் பின்னாளில் இத்துறையில் முன்னணியினராயினர். தொடரின் பெயரைத் தாங்கி, பிறர் தயாரிப்பில், மூன்றாம் பிரிவொன்று 2025 இல் வெளிவந்தது.

ஹம்ப்டன் விட்டுச்சென்றவற்றுள் நிலைபேறுடையது எதுவென வினவின், ஒளிபரப்பான பதினான்கு பகுதிகளை மட்டும் சுட்டுதல் போதாது. படத்திற் சில நிமிடங்களே இடம்பெற்ற நேர்காணல்களின் முழுவடிவங்கள் இன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் பேணப்படுகின்றன. அவற்றைப் படித்து ஒருவரின் கூற்றை இன்னொருவரின் கூற்றோடு ஒப்பிடவும், திரையில் மறுக்கப்படாது போனதை மறுக்கவும் மாணவனால் இயலும். இரவற் படச்சுருளின் உரிமை காலாவதியாகலாம். குழுவினர் தாமே கேட்டுப் பதிந்த குரல்கள் அவ்வாறு பிறர் கைக்குள் அகப்படவில்லை. வெட்டி ஒதுக்கப்பட்டதையும் எறியாது காத்த தயாரிப்பாளர், தமது படத்தைத் திருத்துவதற்கான ஆதாரத்தையும் வருந்தலைமுறையிடமே ஒப்படைத்துச் சென்றார். விவரணக் கலைஞனின் நேர்மைக்கு இதனிலும் உயர்ந்த அளவுகோல் இல்லை.